சும்மா ரெஜிஸ்ட்டர்தான்

டிசம்பர் 7, ஞாயிறு. மழை.

சேனாய் விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து மழை. கும்பகோணத்துக்காரிக்கு மழை காட்டிப் பயமுறுத்த முடியாது என்று நினைத்திருந்தேன். நம்மூர் மழை இருட்டிக்கொண்டு, காற்றடித்து, ஆர்ப்பாட்டம் பண்ணிவிட்டுத்தான் வரும். இது ஒரு வார்த்தை சொல்லாமல் கொட்டுகிறது. இலைகூட அசையவில்லை. நேராக. குழாயைத் திறந்துவிட்டு யாரோ மூட மறந்த மாதிரி.

பக்கிரிசாமி மாமா அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னடி வாசுகி, மேல ஓட்ட விழுந்துருச்சா?" என்றார். மாமா அம்மாவின் தம்பி. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அப்பா இல்லாத வீட்டுக்கு அவர்தான் எல்லாம். தாய்மாமன் கண்ணால் பார்க்காத வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்று கிளம்பி வந்திருக்கிறார்.

நானும் பார்க்கத்தான் வந்தேன். எட்டு மாதமாகப் போனில் மட்டும் பார்த்த ஆளை.

லோகேஸ் கார் கொண்டு வந்திருந்தார். (இனிமேல் லோ. முழுப் பெயர் எழுதக் கூச்சமாக இருக்கிறது.) போனில் தெரிந்ததைவிட உயரம் குறைவு. சிரிப்பு அதேதான். என்னிடம் பேசாமல் முதலில் மாமாவின் பெட்டியை வாங்கிக்கொண்டார். மாமா அங்கேயே விழுந்துவிட்டார்.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கூலாயில் வீடு. வரிசை வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. பின்னால் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைத் தோட்டம், கண்ணுக்கெட்டிய தூரம் கரும்பச்சை. லோ. அம்மா வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "ஆண்டி கீண்டின்னு கூப்புடாத மா. அத்தைன்னே கூப்புடு." லோ. தங்கை புனிதா. சிங்கப்பூரில் வேலை, தினமும் பைக்கில் பாலம் தாண்டிப் போய்த் தாண்டி வருகிறாளாம். தினமும் வேறு நாட்டுக்கு! நான் பாபநாசம் போய்வந்தாலே படுத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் பரிசம். மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும். கல்யாணம் தையில், நம்மூரில்.

முப்பத்துநான்கு வயதில் இப்படி நாலு தடவை கண்ணாடி பார்ப்பது நியாயமா?

டிசம்பர் 8, திங்கள். மழை. வேறென்ன.

உப்பு கரைந்துவிட்டது. தீப்பெட்டி பற்றவில்லை. துவைத்த ரவிக்கை நேற்றுப் போலவே இன்றும் ஈரம். மாமா கொண்டுவந்த முறுக்கு துணி மாதிரி வளைகிறது, ஆனாலும் தின்கிறார்.

லோ. வேலைக்கு, பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு. மாமா குடையை எடுத்துக்கொண்டு தெருவில் விசாரணைக்குக் கிளம்பினார். கண்டக்டர் புத்தி, ஒருத்தரையும் விடவில்லை. திரும்பி வந்து தலை துவட்டிக்கொண்டே அறிக்கை: "தங்கம்டி. எந்த வீட்ல சாவுன்னாலும் மொதல்ல போய் நிக்கிறவனாம். குடி இல்ல, சீட்டு இல்ல."

பக்கத்து வீட்டம்மா வேலிக்கு மேல் எட்டி எனக்கும் சொன்னார். "லோகேஸ் நல்ல புள்ள லா. என் வீட்டுக்காரர் விழுந்தப்ப தூக்கிக்கிட்டு ஓடுனது அவன்தான்."

சாயங்காலம் லோ. வந்து என்னைச் சாப்பிடக் கூட்டிப்போனார். தகரக் கூரைக் கடை. மழைச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசினோம். கொஞ்ச நேரம் கழித்துக் கத்த அலுத்துப்போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தோம். அதுவும் நன்றாகவே இருந்தது.

அம்மாவுக்குப் போன். "புடிச்சிருக்கா?" என்றாள். "ம்" என்றேன்.

டிசம்பர் 9, செவ்வாய்.

இதைப் பள்ளிக்கூட மண்டபத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் வாசல் சாக்கடையில் தண்ணீர் திரும்பி ஓடியது. ஆமாம், உள்ளே. அத்தை அதைப் பார்த்துவிட்டு, கத்தவில்லை, ஓடவில்லை. "புனிதா, பஞ்சிர்" என்றார். வெள்ளம் வந்துவிட்டது என்று அர்த்தம். "பால் பொங்கிருச்சு" என்று சொல்கிற குரலில் சொன்னார். இரண்டு பேரும் மெத்தையைத் தூக்கி மேசைமேல் போட்டார்கள், சாமி படங்களை அலமாரி மேலே ஏற்றினார்கள். நானும் மாமாவும் பேந்தப் பேந்த நின்றோம். காபி ஆறுவதற்குள் முழங்கால். பிறகு இடுப்பு. ஒரு பாம்பு, நிஜப் பாம்பு, டிவி மேசையைச் சுற்றி நீந்திக்கொண்டு சாவகாசமாக வெளியே போனது. மாமா "ஐயோ மாரியாத்தா" என்று நாற்காலிமேல் ஏறினார்.

நான் எடுத்தது: பாஸ்போர்ட், மாமாவின் சர்க்கரை மாத்திரை, இந்த நோட்டு. பிளாஸ்டிக் பையில். பரிசச் சேலையை விட்டுவிட்டேன்.

படகு வந்தது. தெருவில்! நேற்று மாமா குடைபிடித்து நடந்த தெருவில். காலை மழையால் புனிதா வேலைக்குப் போகவில்லை. லோ. பாசிர் கூடாங்கில் மாட்டிக்கொண்டார், சாலை மூடிவிட்டார்களாம்.

மண்டபத்தில் வரிசை வரிசையாகக் கூடாரம், குடும்பத்துக்கு ஒன்று. சோறு, மத்திச் சம்பல், சுடச்சுட மைலோ. அழுதுகொண்டிருந்தது நான் மட்டும்தான். மற்றவர்கள் சீட்டாடுகிறார்கள்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

பின்பக்கம் பெண்கள் கழிவறை. புனிதா தன் பையிலிருந்து ரோஜாக் கலர் சுடிதார் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இத போட்டுக்குங்க அண்ணி. நல்ல துணி. அண்ணன் ரெஜிஸ்ட்டர் பண்ணப்ப எடுத்தது. ஒரு தடவதான் போட்டேன்."

"என்ன ரெஜிஸ்டர்?"

"கல்யாண ரெஜிஸ்ட்டர் லா. செல்வி கூட."

ஒரு கையை மட்டும் சட்டைக்குள் நுழைத்தபடி நின்றேன்.

"எந்தச் செல்வி?"

"அண்ணன் சொல்லலயா?" அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இங்க மொதல்ல ஆபீஸ்ல ரெஜிஸ்ட்டர் பண்ணிருவாங்க அண்ணி. புருஷன் பொண்டாட்டின்னு இருந்தா கவுமெண்ட் வீட்டுக்கு மனு போடலாம். அப்புறமா மண்டபம் பாத்து, தாலி கட்டிக் கல்யாணம். இவங்களுக்கு ரெஜிஸ்ட்டர் ஆச்சு, கல்யாணம்தான் ஆகல. நடுவுல சண்ட போட்டுக்கிட்டாங்க. நாலு வருசம் ஆச்சு."

"அத ரத்து பண்ணிட்டாங்கல்ல?"

"எத?"

"ரெஜிஸ்டர."

முடியைப் பிழிந்துகொண்டே யோசித்தாள். "இல்லன்னு நெனக்கிறேன். அதுக்கு கோர்ட்டுக்கெல்லாம் போவணும்ல."

எழுதிப் பார்க்கிறேன். லோ. கல்யாணமானவர். எழுதிய பிறகும் மண்டைக்குள் ஏறவில்லை. அந்த ரோஜாக் கலர் சுடிதாரைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். வேறு உலர்ந்த துணி இல்லை.

டிசம்பர் 10, புதன். மழை விட்டு விட்டு.

அத்தையிடம் நேராகவே கேட்டேன். மறைப்பார், மழுப்புவார் என்று நினைத்தேன். சிரித்தார்!

"அலமாக், அதுக்கா இப்படி மொகத்த வச்சிருக்க? தாலி கட்டல, மால மாத்தல, ஒரு சொந்தக்காரனுக்குச் சோறு போடல. அந்தப் பொண்ணு ஒரு நாள்கூட என் வீட்ல வந்து தங்கல. அது கல்யாணமா? சும்மா ரெஜிஸ்ட்டர்தான் மா."

அடுத்த கூடாரத்து அம்மாவையும் பஞ்சாயத்துக்கு இழுத்துவிட்டார். அவர் அதற்குமேல். "என் மவளும் ரெஜிஸ்ட்டர் பண்ணி ரெண்டு வருசம் ஆவுது. இன்னும் எங்க வீட்லதான் இருக்கா. கல்யாணம் ஆகாம எப்படி அனுப்புறது?" சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். பைத்தியக்காரி நான்தான் என்று ஆகிவிட்டது.

மாமா இருக்கிறார், கிழித்துத் தொங்கவிடுவார் என்று அவரிடம் போனேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு கேட்டார். முழுவதும் கேட்டார்.

"தாலி ஏறலல்ல?"

"ஏறல. ஆனா சட்டப்படி..."

"ஏறலன்னா முடிஞ்சுது. நான் ஒங்க அத்தைய கட்டி முப்பது வருசமாச்சு. எந்த ஆபீஸ்லயும் பதியல. அப்ப அவ எனக்கு யாருடி? சொல்லு."

ஜாதகத்தில் ஒரு கட்டம் சரியில்லை என்று மூன்று வரன்களை விரட்டிய மனிதர் இவர்!

அம்மா? போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு மெதுவாக, "எல்லாருக்கும் சொல்லிட்டேன்டி. கொஞ்சம் அனுசரிச்சுக்கக் கூடாதா?" என்றாள்.

மத்தியானம் லோ. வந்தார். லாரியில் ஏறி, பாதி தூரம் தண்ணீரில் நடந்து. உடம்பெல்லாம் சேறு. வந்தவுடன் உட்காரவில்லை. வாசலில் நின்ற படகிலிருந்து ஒரு கிழவரை முதுகில் சுமந்து இறக்கினார், அப்புறம் இன்னொருவரை. மண்டபமே "லோகேஸ், லோகேஸ்" என்கிறது. எல்லாம் முடித்து என்னிடம் வந்து, "சாப்ட்டீங்களா?" என்றார்.

கோபத்தைத் தயாராக வைத்திருந்தேன். பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"செல்வி யாரு?"

முகம் வெளுக்கவில்லை. சொன்னார். முன்பு கூட வேலை பார்த்தவள், பிடித்தது, வீட்டுக்கு மனு போடப் பதிந்தார்கள். பிறகு எதற்கெடுத்தாலும் சண்டை. விட்டுவிட்டார்கள். அவள் இப்போது ரவி என்று ஒருவரோடு இருக்கிறாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கல்யாணமே நடக்கலயே. என்னன்னு சொல்றது?" பொய் சொல்கிற முகமில்லை. உண்மையிலேயே புரியவில்லை அவருக்கு.

"எனக்கு இங்க எப்படி விசா கெடைக்கும்? மனைவின்னு எழுத முடியாதே."

அதற்கும் வழி வைத்திருந்தார். "சிங்கப்பூர் போய்ட்டு வந்தா பாஸ்போர்ட்ல மறுபடி சாப் அடிச்சுக் குடுப்பாங்க, தங்கிக்கலாம். புனிதா கூட பைக்ல போய்ட்டு வந்துரலாம் லா."

பைக்கில் பாலம் தாண்டிப்போய்ப் பாலம் தாண்டித் திரும்பி வந்து குடும்பம் நடத்துவதாம். சிரிப்பு வந்தது. அடுத்ததாக அழுகை.

நான் ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவள். தினமும் பார்க்கிறேன். "நாளைக்கு எனக்கு ஒரு ஆபரேஷன்னா யாரு கையெழுத்துப் போடுவா?"

"நான்தான்."

"நீங்க எனக்கு யாரு?"

கீழே பார்த்தார். பிறகு, "ரத்து பண்ணிடுறேன். சத்தியமா. கொஞ்சம் டைம் குடுங்க" என்றார்.

டிசம்பர் 11, வியாழன். வெயில். நம்பவே முடியவில்லை, வெயில்.

காலையில் மனம் கொஞ்சம் தெளிந்திருந்தது. கணக்காக யோசித்தேன். மனிதர் நல்லவர். ஏமாற்ற நினைக்கவில்லை. இந்த ஊர் வழக்கம் அப்படி, அவ்வளவுதான். ரத்தாகட்டும், பிறகு கல்யாணம். ஒரு வருடமோ இரண்டோ, காத்திருக்கலாம். இத்தனை வருடம் யாரென்றே தெரியாமல் காத்திருக்கவில்லையா? லோ.விடம் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் மீ கோரிங், வறுத்த நூடுல்ஸ், சாப்பிட்டோம். அத்தை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு லோ. வீடு கழுவப் போனார்.

பத்து மணி வாக்கில் செல்வி வந்தாள்.

இரண்டு பை நிறைய உலர்ந்த துண்டு, போர்வை. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. "அத்தை!" என்றாள். அத்தை எழுந்து போய்க் கட்டிக்கொண்டார். நான் திறந்த வாயை மூடவில்லை. சண்டை, விரோதம், ஒன்றும் கிடையாதா இந்த ஊரில்?

"இதுதான் ஊர்லேர்ந்து வந்திருக்குற பொண்ணு" என்று அத்தை என்னைக் காட்டினார். செல்வி என்னைப் பார்த்தாள். நான் போட்டிருந்த சுடிதாரையும் பார்த்தாள். சேனாய்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலையாம். சின்னவள். என்னைவிட ஐந்தாறு வயது குறைவு இருக்கும்.

குழந்தைக்குக் கை கழுவ என்று குழாயடிக்குப் போனவள் என்னையும் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க அவர்கிட்ட. என்னால முடியல."

"என்ன சொல்லணும்?"

"வந்து கையெழுத்து போடச் சொல்லுங்க. ரெண்டு பேரும் சம்மதிச்சு ஒண்ணா மனு போட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்னு லாயர் சொல்லிட்டாரு. எல்லாம் ரெடி. நான் மூணு தடவ டேட் வாங்குனேன். மூணு தடவையும் வரல."

குழந்தை தண்ணீரில் கை அடித்து விளையாடிக்கொண்டிருந்தது. செல்வி அதன் முகத்தைத் துடைத்தாள்.

"இவ அப்பா ரவி. ஆனா பொறப்புப் பத்திரத்துல லோகேஸ் பேருதான் இருக்கு. சட்டப்படி அவர்தானே புருஷன். ரவியோட அம்மா அத வச்சே எங்கள வீட்ல சேக்க மாட்றாங்க. இவள ஸ்கூல்ல சேக்குறதுக்குள்ள மாத்தணும்."

"லோகேஸுக்கு இது தெரியுமா?"

"தெரியும். 'பாவம் புள்ள, பேருதானே, இருந்துட்டுப் போவட்டும்'னு சொன்னாரு. நல்லவர்தான் அக்கா. திட்டக்கூட முடியல."

கடைசியாக எப்போது வரச் சொன்னாள் என்று கேட்டேன்.

"தீபாவளிக்கு மொத வாரம். ஜொகூர் பாருல லாயர் ஆபீஸ் வாசல்ல பாப்பாவ வச்சிக்கிட்டு மத்தியானம் வரைக்கும் நின்னேன். நல்ல மழை. போன் எடுக்கல."

குழந்தையின் காலில் செருப்பை மாட்டிவிட்டேன். பட்டை அறுந்திருந்தது.

லோ. சாயங்காலம் வந்ததும் கேட்டேன். மூன்று தடவையும் எங்கே போனீர்கள்? ஒரு தடவை கூடுதல் வேலை, ஆள் இல்லை, கெஞ்சினார்களாம். இன்னொரு தடவை கூட்டாளியின் அம்மா இறந்துவிட்டார், பாடை தூக்க ஆள் வேண்டும்.

"தீபாவளிக்கு முன்னாடி?"

சேறு காய்ந்து கையிலிருந்து பொடிப் பொடியாக உதிர்ந்தது.

"தூங்கிட்டேன்" என்றார். "மொத நாள் ராத்திரி பூரா உங்க கூடதானே பேசிக்கிட்டு இருந்தேன். விடியிற வரைக்கும்."

அந்த ராத்திரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாள் ஸ்கேன் சென்டரில் எல்லாரும் "என்னக்கா மொகத்துல ஒரே களை" என்று கேலி பண்ணினார்கள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. அந்த நேரத்தில் இந்தப் பெண் மழையில், குழந்தையோடு.

டிசம்பர் 12, வெள்ளி. தூறல்.

தண்ணீர் முழுசாக வடிந்துவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டோம். வீடெல்லாம் கணுக்கால் சேறு. அலமாரியில் பரிசச் சேலை, பாதிக்குமேல் பழுப்பு. கோயிலில் தண்ணீர் ஏறவில்லையாம், குருக்கள் போன் பண்ணினார், வரலாமா என்று. அத்தை சேறு கழுவிக்கொண்டே பூவுக்குச் சொல்லியனுப்பினார். இந்த நிலைமையிலும்! மாமா எங்கிருந்தோ ஒரு வெள்ளை வேட்டி சம்பாதித்துக் கட்டிக்கொண்டு தயார்.

எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். பரிசம் வேண்டாம்.

"ரெஜிஸ்ட்டருக்கா இன்னும்?" என்றார் அத்தை.

"இல்லத்தை. அது உங்க ஊர் வழக்கம். புரிஞ்சிருச்சு."

"பின்ன?"

திக்கித் திக்கித்தான் சொன்னேன். ஊரில் யார் கூப்பிட்டாலும் ஓடுகிறார். முன்பின் தெரியாதவரை முதுகில் தூக்குகிறார். தன் கையெழுத்துக்காக ஒருத்தி வாசலில் நிற்கிறாள், அங்கே மட்டும் போகவில்லை. நாளைக்கு நானும் எங்கேயாவது ஒரு வாசலில் நிற்பேன்.

அத்தைக்குக் கோபம். "என் புள்ளயப் பத்தி ஊரே சொல்லுது. நீ வந்து அஞ்சு நாளு, நீ சொல்றியா?" நியாயமான கோபம்தான், அம்மாவாயிற்றே. மாமா என் பக்கமே திரும்பவில்லை. வேட்டியை அவிழ்த்து மடித்துப் புனிதாவிடம் கொடுத்தார். புனிதா மட்டும் அவள் அண்ணனைப் பார்த்து, "மூணு தடவையா? நீ போகலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லோ. வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சேற்றைக் கழுவப் போய்விட்டார்.

பிடித்திருக்கிறது. இப்போதும் பிடித்திருக்கிறது. அதுதான் கொடுமை. பின்கட்டில் ஈரத் துணிகளுக்கு நடுவில் நின்று வாய்விட்டு அழுதேன்.

டிசம்பர் 13, சனி. சேனாய், விமானத்துக்குக் காத்திருக்கிறோம். மழை.

கொண்டுவந்து விட்டது லோ.தான். டாக்சியில் போகிறோம் என்றேன், கேட்கவில்லை. மாமாவின் பெட்டியைத் தூக்கினார், மாத்திரைக்கு வெந்நீர் வாங்கி வந்தார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என்னிடம், "பாத்துப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு செய்தி வந்தது.

"திங்கட்கிழமை லீவு போட்டுட்டேன். லாயர பாக்கப் போறேன். கண்டிப்பா."

பெரிதாக என்னென்னவோ எழுதினேன். அழித்தேன். கடைசியில், "எனக்கு எதுக்குச் சொல்றீங்க? செல்விக்குச் சொல்லுங்க" என்று மட்டும் அனுப்பினேன்.

பார்த்துவிட்டார். எழுதுகிறார், நிறுத்துகிறார், மறுபடி எழுதுகிறார். மாமா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதாகப் பாவனை.

பதில் வந்தது.

"போன் மாத்துனப்ப அவ நம்பர் போயிருச்சு. உங்ககிட்ட இருக்கா?"

இருந்தது. குழாயடியில் அவள் கொடுத்தது. அனுப்பினேன்.